என் அப்பாவின் பழங்கிடை

டிசம்பர் 28

நான் சொன்னேன். எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன்.

ஆகஸ்டில் எலிகள் வளைவாயில் புல்லை ஆள் உயரத்துக்குக் குவித்தபோதே சொன்னேன். (முழங்கால் உயரம் என்பார்கள் சிலர். உட்கார்ந்து பார்த்தால் ஆள் உயரம்தான்.) நாரைகள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனபோது மறுபடி சொன்னேன். இந்தக் குளிர்காலம் ஜுட், புல்லின் மேல் பனி பூட்டுப் போட்டுவிடும், ஆடுமாடுகள் நின்ற நிலையிலேயே சாகும் என்று கடைவாசலில் நின்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். சிரித்தார்கள். போன வருடமும் இதையேதான் சொன்னேனாம். அதற்கு முந்தைய வருடமும் சொன்னேனாம். சொன்னால் என்ன? இந்த வருடம் நடந்ததா, இல்லையா?

இன்று வானொலியே ஒத்துக்கொண்டது. ஜுட்.

என் அக்கா மகள் செவெல்மா மதியம் வந்தாள். அவள் கணவன் ஓசோர் இலையுதிர் காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு என் அக்கா வீட்டில் கிடக்கிறான், அவர்கள் குழந்தையும் அங்கேதான். மந்தை மொத்தமும் அவள் தலையில். அவர்கள் பள்ளத்தாக்கில் ஆடுகளுக்குக் கடிக்க ஒரு புல் நுனி இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் பனி குறைவாம், ஓட்டிக்கொண்டு போய்க் கூடாரம் போட்டு வசந்தம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கூட ஓர் ஆள் வேண்டும்.

"நான் வரேன்" என்றேன்.

அக்கா சிரித்தே விட்டாள். "நீயா, லொதோய்? பள்ளிக்கூடத்துக் கொதிகலன்ல கரி அள்ளிப் போட்டவன். உனக்கு அடுப்பைத் தவிர என்னடா தெரியும்?"

"குளிர்ல அடுப்பு தெரிஞ்சவனை விட்டா வேற யாரு வேணும்க்கா?"

என்னிடம் எப்போதும் பதில் இருக்கும், மற்றவர்களிடம்தான் இருக்காது.

ஓசோரின் அண்ணன் தலைநகரத்தில் இருக்கிறான். மந்தை பாதிக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறானாம். தன் வளவில் ஒரு மூலை தருவானாம், செவெல்மாவுக்கு ஏதோ கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். அவள் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை துடைப்பாளாம். மந்தையில் எந்த ஆடு எந்த ஆட்டின் பேத்தி என்று குரலை வைத்தே சொல்லுகிறவள்.

ஜனவரி 3

கணவாயைத் தாண்டினோம். குளிர் மைனஸ் ஐம்பது. வெப்பமானியில் நாற்பதுக்குக் கீழே கோடு இல்லை, மீதியை நானே கணக்குப் போட்டேன்.

ஒட்டகத்தின் மேல் கூடாரம், இரும்பு அடுப்பு, உறைந்த இறைச்சி. வண்டியில் மூட்டைகள். மூட்டையில் இரண்டு வகை: ஒன்று மாட்டுச் சாணி வறட்டி, எரிப்பதற்கு. மற்றது காய்ந்த ஆட்டுப்புழுக்கைத் தூள், ஆடுகள் படுக்கும் இடத்தில் பரப்புவதற்கு. எங்கள் ஊரில் குளிர்காலக் கிடை என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே இடம். ஆடுகளின் புழுக்கை மிதிபட்டு மிதிபட்டு மெத்தை மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும், அதன்மேல் படுத்தால் ஆட்டுக்கு எந்தக் குளிரும் தெரியாது. அந்த மெத்தையை விட்டு வருகிறோம். வெறும் தரையில் படுத்த ஆட்டுக்கு அடிவயிற்றிலிருந்து சாவு ஏறும். அதனால்தான் தூள் மூட்டை.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். செவெல்மா சொன்னபோது ஞாபகம் வந்தது.

ஜனவரி 5

கூடாரம் நிமிர்ந்துவிட்டது. சுற்றி விளிம்பெல்லாம் பனியை அணைத்துக் கட்டினேன், எறும்பு நுழைய இடம் இல்லை.

எங்கள் வாழ்க்கை இப்படி: காலையில் ஆற்றுப் பனிக்கட்டியைக் கோடாலியால் வெட்டி மூட்டையில் கொண்டு வருவது. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் மிச்சம் வைப்பது, அதில்தான் கட்டியைப் போட வேண்டும், வெறும் பானையில் போட்டால் பானை கருகும். முகம் கழுவ ஒரு வாய்த் தண்ணீரை வாய்க்குள்ளேயே சூடாக்கிக் கையில் துப்பித் தேய்த்துக்கொள்வது. படுக்கும் முன் ஆட்டுவால் கொழுப்பு ஒரு துண்டு, வயிற்றுக்குள் விளக்கு ஏற்றிய மாதிரி. பூட்ஸைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கம்பளி உறையை உருவி, காய்வதற்காக வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுப்பது. பேனா முதல் நாளே செத்துவிட்டது. பென்சில்தான். பென்சிலுக்குச் சாவே இல்லை.

இன்னொரு ஏற்பாடு. செவெல்மா வெளியே ஒதுங்கப் போகும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமாகப் பாட வேண்டும். நான் பாடிக்கொண்டிருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மரியாதையும் ஆயிற்று, பாட்டும் ஆயிற்று.

"மெதுவாப் பாடுங்க மாமா, ஆடு மிரளுது" என்கிறாள். மிரளவில்லை. ரசிக்கின்றன.

ஜனவரி 6

ஓநாய்கள் ஏழு. முறைத்தேன். போய்விட்டன.

ஜனவரி 9

இன்று எங்கள் கூடாரத்துக்கு விருந்தாளிகள். தொலைந்த குதிரைகளைத் தேடி வந்த இருவர். தூரத்திலிருந்தே "நாயைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டு வந்தார்கள், எங்கள் பக்கம் கதவைத் தட்டுவது அப்படித்தான். எங்கள் நாய் பசர், ஒட்டகத்தின் வயிற்றுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வாலைக்கூட அசைக்கவில்லை.

மீசையெல்லாம் பனிக்குச்சி. அவர்களைப் பார்த்ததும் எனக்குள் பழைய லொதோய் எழுந்துவிட்டான். இருபது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே சூடாக வைத்திருந்தவன், ஒரு கூடாரத்தைச் சூடாக்க மாட்டானா? போட்டேன். அடுப்பின் வயிறு சிவந்து, குழாய் சிவந்து, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தோல் அங்கியைக் கழற்றி, சட்டையையும் கழற்றிவிட்டார்கள். வெளியே மைனஸ் ஐம்பத்தைந்து!

"அண்ணே, இது கூடாரமா வெந்நீர்க் குளியலறையா?" என்றான் ஒருவன்.

"என் கூடாரத்துல யாரும் தொப்பி போடக் கூடாது, அதான் சட்டம்" என்றேன்.

மூன்று நாள் தங்கப் போகிறார்களாம். தங்கட்டும்.

செவெல்மா வறட்டி மூட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 12

விருந்தாளிகள் போய்விட்டார்கள். வழியெல்லாம் என் அடுப்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வறட்டி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜனவரி 14

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

வறட்டி தீர்ந்துவிட்டது. இன்று காலை தூள் மூட்டையிலிருந்து அள்ளி எரித்தேன். நன்றாகத்தான் எரிந்தது. வெளியே போயிருந்த செவெல்மா உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மாமா. அது ஆடு படுக்குற தூள்."

"தெரியும்மா. கொஞ்சம்தானே—"

"வாங்க வெளியே."

போனேன். ஆடுகள் படுத்த இடத்தில் பரப்பியிருந்த தூள் ஏற்கெனவே பனியோடு பனியாகிவிட்டது. புதிதாகப் போட வேண்டியதைத்தான் நான் எரித்திருக்கிறேன். ஆடுகள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தன, ரோமம் தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கையால் பிய்த்து எழுப்பினாள். ரோமம் தரையிலேயே நின்றது. சில எழவே இல்லை. அதில் ஒன்று அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா, என் அக்கா, கொடுத்த கறுப்புமூக்கு ஆடு.

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அழுதால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

"போதும் மாமா. இருக்குறதை வித்துட்டுப் பட்டணத்துக்கே போயிடறேன். தரைதானே. துடைச்சா சுத்தமாவாவது ஆகும்."

திரும்பிப் போகவும் வழியில்லை. கணவாய் மூடிவிட்டது. இன்னும் இரண்டு இரவு இந்தத் தரையில் படுத்தால் மந்தை பாதிக்குக் கீழே போய்விடும். கையில் சாட்டை. எதையாவது சொல்லணும்ல? என் அப்பா நினைவு வந்தது. உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும் மனிதர். எந்தக் குளிரிலும் அவர் கையைப் பிடித்தால் போதும்.

சாட்டையைத் தூக்கி, தெற்கே சிவப்புப் பாறைப் பள்ளத்தைக் காட்டினேன்.

"அதோ. குரங்கு ஆண்டுக் கொடும்பனியில உன் தாத்தா பல்ஜிர் அங்கதான் கிடை போட்டாரு. ஒரு ஆடு சாகல. பனிக்கு அடியில இன்னும் அந்தக் கிடை இருக்கும். ரெண்டு சாண் ஆழத்துக்குப் புழுக்கை. படுக்கவும் ஆச்சு, வெட்டி எரிக்கவும் ஆச்சு."

"அம்மா இதைச் சொன்னதே இல்லையே."

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும்? ஆம்பளைங்க விஷயத்தை அப்பா அவகிட்டச் சொல்வாரா?"

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். இமையில் ஒட்டியிருந்த பனியைக் கட்டை விரலால் தேய்த்து எடுத்தாள்.

"சரி மாமா. எந்தப் பக்கம்?"

ஜனவரி 15

கிடைத்தது! கிடைத்தது! அப்பாவின் கிடை கிடைத்தது!

முறையாக எழுதுகிறேன். மந்தையை ஓட்டிக்கொண்டு பள்ளத்துக்கு வந்தோம். வெள்ளை வெள்ளையாகப் பனி, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. நான் ஓரிடத்தைக் காட்டினேன், தோண்டினாள். சரளைக்கல். இன்னோர் இடத்தைக் காட்டினேன். சரளைக்கல். "அப்பா இப்பதான் பக்கத்துல வர்றாரு" என்று தைரியம் சொன்னேன். மூன்றாவது இடத்தை நான் காட்டுவதற்குள் அவள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு அப்படியே நின்று சுற்றிப் பார்த்தாள். பாறைச் சரிவின் கீழே, காற்று படாத மூலையில், பனிக்கு மேலே காய்ந்த தண்டுகள் சில நீட்டிக்கொண்டிருந்தன.

நடந்து போய் ஒன்றை முறித்து முகர்ந்து பார்த்தாள். காஞ்சொறி. காய்ந்த பிறகும் அவள் கையை அரிப்பெடுக்க வைத்துவிட்டது.

"மாமா! காஞ்சொறி எங்க முளைக்கும்?"

"எங்க வேணாலும் முளைக்கும்."

"இல்ல மாமா. இவ்வளவு உயரமா, இவ்வளவு அடர்த்தியா பழைய புழுக்கை மேலதான் முளைக்கும்!"

தோண்டினாள். நானும் தோண்டினேன், பெரும்பகுதி நான்தான். பனி, பனி, பிறகு மண்வெட்டிக்கு வேறு மாதிரியான சத்தம். பழுப்பு. கெட்டியான, காய்ந்த, வாசனை மாறாத பழுப்பு. நான் இரண்டு சாண் என்றுதான் சொன்னேன், இருந்தது மூன்று. அப்பா எதையும் குறைவாகச் செய்ததில்லை.

அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் செவெல்மா உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் அழுதாள். நானும் கொஞ்சம், காற்றினால்.

ஜனவரி 16

ஆடுகள் எல்லாம் எழுந்தன. அடியில் ஆவி பறந்தது.

ஜனவரி 20

எந்த மன்னன் இப்படி வாழ்ந்தான்? மேல்தட்டைக் கிளறிவிட்டோம், ஆடுகள் மிதிக்க மிதிக்கத் தானாகச் சூடாகிறது. ஓரத்திலிருந்து செங்கல் செங்கலாக வெட்டிக் காற்றுப் பக்கம் சுவர் வைத்தோம். உடைந்த துண்டுகள் அடுப்புக்கு. புகை கொஞ்சம் அதிகம், சாம்பலும் அதிகம், ஆனால் காலைவரை கனல் நிற்கிறது. இப்போது அளந்துதான் போடுகிறேன். கை தானாக இன்னொரு துண்டுக்குப் போகும்போது செவெல்மா தொண்டையைச் செருமுகிறாள். கை திரும்பிவிடுகிறது.

கிழட்டு ஆடுகளுக்கு என் பழைய கம்பளி விரிப்பை வெட்டிக் கோட்டு தைத்துப் போட்டாள். ஒரு கிடா என்னைவிட நன்றாக உடுத்தியிருக்கிறது. அதற்கே அது தெரிந்துவிட்டது, தலைக்கனம்.

இதுவரை அவள் பட்டணத்தின் பேரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒன்று மட்டும் நெருடல். பள்ளத்தின் வாயில், பாறை இடுக்கில், பழைய கம்பி வளையம் ஒன்று அடித்து வைத்திருக்கிறது. குதிரை கட்டுவது. யாரோ ஒரு குடும்பத்தின் அடையாளம் மாதிரி.

அப்பாவுடையதாக இருக்கும்.

ஜனவரி 24

நேற்றைப் பற்றி எழுத வேண்டும். குரல் போய்விட்டது, ஆனால் கை இருக்கிறது.

நேற்றுக் காலை ஆடுகளை மேய்ச்சலுக்குத் திருப்பியதும் பனிப்புயல் வந்தது. திடீரென்று வானமும் இல்லை, தரையும் இல்லை. புயல் வந்தால் ஆடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், எங்காவது வேலியோ பள்ளமோ தடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சாகும். செவெல்மா குதிரையில் பாய்ந்தாள்.

"மாமா, நீங்க இங்கயே நில்லுங்க!"

"நானும்—"

"நீங்க வந்தா ரெண்டு பேரைத் தேடணும். இங்க நின்னு பாடுங்க. எனக்கு வீடு எங்கேன்னு தெரியணும்."

மறைந்துவிட்டாள். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

பாடினேன். ஒரு கையால் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பானையைத் தட்டிக்கொண்டு பாடினேன். மலைப் பாட்டு, குதிரைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, தாலாட்டு. இருந்த பாட்டெல்லாம் தீர்ந்தது. அவள் வரவில்லை. பிறகு கொதிகலன் அறைச் சுவரில் எழுதியிருக்கும் விதிகளை ராகம் போட்டுப் பாடினேன். அறையினுள்ளே புகைபிடித்தல் கூடாது, வால்வைத் தொடுதல் கூடாது, அழுத்தமானியைக் கவனித்தல் வேண்டும். அதுவும் தீர்ந்தது. அக்கா பேரையும், ஓசோர் பேரையும், குழந்தை பேரையும் பாடினேன். வாயில் பனி விழுந்து உருகிற்று. செவெல்மா, செவெல்மா என்று அவள் பேரையே வைத்துப் பாடினேன். அது பாட்டே இல்லை. கத்தல். வாடி, வந்துடுடி, மாமா இங்க இருக்கேன்டி, மந்தை போனாப் போகுது, நீ வந்துடு.

பிறகு பனியிலிருந்து முதலில் ஒரு கோட்டுப் போட்ட கிடா வந்தது. அதன் பின்னால் மந்தை. அதன் பின்னால் அவள், குதிரையின் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்து.

கண்ணிமை ஒட்டிப்போயிருந்தது. என் வாயருகில் காதை வைத்துக் கேட்டாள்: "வால்வைத் தொடுதல் கூடாதுன்னு யாரு பாடினது?"

நான் தலையாட்டினேன். குரல் வரவில்லை.

"அதைக் கேட்டுத்தான் திரும்பினேன். எங்க ஊர்லயே வேற யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது மாமா."

பன்னிரண்டு ஓநாய்களாவது இருந்திருக்கும். என் பாட்டைக் கேட்டுத்தான் கிட்ட வரவில்லை.

ஜனவரி 26

வந்தார். யார் வருவார் என்று எனக்கு நெருடிக்கொண்டிருந்ததோ அவர்.

மதியம். "நாயைப் பிடிங்க!" பசர் இந்த முறை எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று, துரோகி. வெள்ளைக் குதிரையில் ஒரு பெரியவர். இறங்கியதும் குதிரையை நேரே அந்தக் கம்பி வளையத்தில் கட்டினார், பார்க்காமலே கட்டினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்தார். மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். நானும் என் குப்பியை நீட்டினேன். முறைப்படி மாற்றிக்கொண்டு முகர்ந்தோம். பேர் குர்செத் என்றார். செவெல்மா உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பில் எரியும் துண்டுகளைப் பார்த்தார்.

"நல்லா எரியுது."

அடுப்போரம் கிடந்த ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார்.

"ஊரான் கிடையில ஆடு படுக்க வெச்சாக்கூடப் பொறுத்துக்கலாம். வெட்டி எரிக்கறீங்க. கேக்கணும்னு தோணலையா?"

எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அடுத்தவன் கிடையைத் தோண்டுவது அவன் வீட்டுச் சுவரை உடைத்து எரிப்பது மாதிரி. இப்போதே கிளம்புங்கள் என்று அவர் சொன்னால் கிளம்பித்தான் ஆக வேண்டும். கிளம்பினால் மந்தை இல்லை.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசியவன், பேச வேண்டிய ஒரு நாளில் என் தொண்டையில் ஒரு தவளைகூட இல்லை!

அப்போது செவெல்மா பேசினாள். தேநீர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக, அவர் முகத்தைப் பார்த்து.

"இது எங்க தாத்தா கிடை, பெரியப்பா. குரங்கு ஆண்டுக் கொடும்பனியில இங்கதான் இருந்தாரு. ஒரு ஆடு சாகல. இதோ எங்க மாமா, இவரு பொறந்ததே இந்தப் பள்ளத்துலதான். பொறந்தப்ப அழுத சத்தத்துல பாறையில இருந்து பனி சரிஞ்சுதாம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணிமைகூட அசையவில்லை. நானே சொல்லியிருந்தாலும் பனி சரிந்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். இவளும் எங்கள் குடும்பம்தான்!

குர்செத் முகம் இறுகியது. "எங்கப்பா இங்க நாப்பது வருஷம் கிடை போட்டாரு. அப்போ உங்க மாமனும் நானும் அண்ணன் தம்பியாம்மா?"

"அப்படின்னா ரொம்ப சந்தோஷம் பெரியப்பா. சொந்தக்காரங்களைத் துரத்த மாட்டீங்க."

"தாத்தா பேரென்ன?"

"பல்ஜிர்."

"பல்ஜிர்." அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "டவுன்ல இருந்த பல்ஜிரா? ஒரு காது சின்னதா இருக்குமே?"

"அவரேதான்."

அவர் என் காதைப் பார்த்தார். என் காதும் அப்படித்தான். பிறகு ஏனோ மூக்கைத் தேய்த்துக்கொண்டார், தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "அவரு கை சூடான கை" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து ஆடுகளைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கோட்டுப் போட்ட கிடாவைப் பார்த்து மட்டும் சிரித்தார். "பனிக்கு அடியில எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று செவெல்மாவிடம் கேட்டார். காஞ்சொறி என்றாள். தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "என் பசங்க ரெண்டு பேரும் பட்டணத்துல. காஞ்சொறியைக் கண்டா கீரைன்னு நினைப்பானுங்க."

குதிரையில் ஏறும்போது என் பக்கம் குனிந்து காதில் ஒன்று சொன்னார். அதை இப்போது எழுதப் போவதில்லை.

ஜனவரி 31

குர்செத் ஒரு வண்டி வைக்கோல் அனுப்பியிருக்கிறார். கொண்டு வந்தவனிடம் "எதுக்கு?" என்று கேட்டேன், பாதிக் குரலில். "சொந்தக்காரங்களுக்காம்" என்றான்.

பிப்ரவரி 8

வெயிலில் கொஞ்சம் சூடு. கூடாரத்தின் தெற்குப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. செவெல்மா அதைக் கையில் பிடித்தாள்.

பிப்ரவரி 24

வெள்ளை மாதத்தின் இரண்டாம் நாள். எங்கள் புத்தாண்டுக்குக் கணவாய் திறந்துவிட்டது. அக்கா, ஊன்றுகோலோடு ஓசோர், குழந்தை, எல்லோரும் லாரியில் வந்து இறங்கினார்கள். ஓசோர் மந்தையைச் சுற்றி இரண்டு தடவை நொண்டி நொண்டி வந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் வேலியோரமெல்லாம் ஆடுகள் அடுக்கி வைத்த மாதிரி செத்துக் கிடக்கின்றனவாம், சில குடும்பங்களுக்குக் குதிரை மட்டுமே மிச்சமாம். எங்கள் மந்தை பாதி இல்லை, முக்காலுக்கும் மேல். சினையாடுகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க" என்றாள் செவெல்மா ஓசோரிடம். "அந்த மூலையை வேற யாருக்காவது குடுக்கட்டும்."

எனக்கு நெஞ்சு இவ்வளவு பெரிதாக இருந்தது. என் அங்கியின் மேல் பொத்தான் தெறித்துவிட்டது. (தெறித்தது. குழந்தை பார்த்தது.)

மதியம் குர்செத் பண்டிகைக்கு வந்தார், இரண்டு கையிலும் நீலப் பட்டுத்துணியை ஏந்திக்கொண்டு. செவெல்மா அவர் முழங்கையைத் தாங்கி வணங்கினாள். அவர் பட்டுத்துணியை அவள் கையில் போட்டார்.

"இந்தப் பள்ளம் உங்க தாத்தாவோடதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே மாத்திச் சொன்னா என்னைக் கிறுக்கன்னுவாங்க. வெச்சுக்கோம்மா. வருஷா வருஷம் வா."

அக்கா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். செவெல்மா அவள் வாயில் ஒரு துண்டு வெண்ணெயைத் திணித்தாள்.

பிறகு பண்டிகை அடுக்கைக் கொண்டு வந்து வைத்தாள். நீளப் பணியாரங்களை நெய்யில் பொரித்துக் கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே வெண்ணெய்க்கட்டியும் சர்க்கரையும். ஒவ்வொரு பணியாரத்தின் மேலும் ஓர் அச்சு விழுந்திருந்தது. சுற்றி அலை, நடுவில் சூரியன், சூரியனுக்கு ஒரு பக்கம் மட்டும் கதிர் உடைந்திருந்தது. எனக்கு அந்த உடைசல் தெரியும். சின்ன வயதில் அந்த மர அச்சைக் கீழே போட்டு உடைத்தவனே நான்தான்.

"தாத்தாவோட அச்சு மாமா. அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்தது" என்றாள் செவெல்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவரு ரொட்டி சுட்ட கடையில இதுதான் வெச்சிருந்தாராம். சாயங்காலம் ஆனா அடுப்புக்குப் பின்னாலயே படுத்துக்குவாராமே. குளிருன்னாலே அவருக்கு ஆகாதாம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சின்னதுலேர்ந்து."

"அப்போ ஏன்டி தோண்டினே?"

"நீங்க கை நீட்டுனீங்க மாமா. நின்னா செத்திருப்போம். எந்தப் பக்கமாவது நடக்கணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, மேல் பணியாரத்தை எடுத்துக் குர்செத்துக்கு நீட்டினாள்.

அவர் அதைக் கடிக்கவில்லை. முதலில் அச்சைக் கட்டை விரலால் தடவினார். பிறகு மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குக் குதிரை மேலிருந்து அவர் என் காதில் சொன்னது இதுதான்: "பள்ளிக்கூட விடுதியில பசியோட கிடந்தப்ப, உங்கப்பன் பின்பக்க ஜன்னல் வழியா எனக்கு ரொட்டி குடுப்பாருடா. தினமும். சுடச்சுட."

ஆகவே, பென்சில் கூராக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். என் அப்பா பல்ஜிர் கிடை போட்டதே இல்லை. குரங்கு ஆண்டுக் கொடும்பனியில் அவர் அடுப்பு முன்னால் வியர்வை வழிய ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் பாறைப் பள்ளத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அன்றைக்கு என் கை மரத்துப்போய் இருந்தது, சாட்டை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதுதான் தெற்கு. கண்டுபிடித்தவள் செவெல்மா.

அது ஒன்றைத்தான் நான் இட்டுக்கட்டினேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. ஓநாய்களை அன்றைக்கு வேறு யாரும் எண்ணவில்லை.